குடல் சுவரில் கசிவு என்றார்கள், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மூன்று வருடங்களுக்கு முன் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் குரோன்ஸ் நோய், அதாவது நாள்பட்ட குடல் அழற்சி என்று கண்டுபிடித்தார்கள். அப்போது ஆளே பாதியாக இளைத்துப்போயிருந்தான். முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பிறகு அசத்தியோபிரின் மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டு வந்தான். இந்த வருடம் எடுத்த கொலோனோஸ்கோப்பியில் புண்கள் ஆறிவிட்டதாக டாக்டர் சொன்னார். ஆனாலும் தினமும் காலையில் மூன்று நான்கு முறை மோஷன் தண்ணீராகப் போகிறது, வயிறு உப்பிக்கொள்கிறது. முட்டி வலி வந்தால் மட்டும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வான். தெரிந்தவர் சொல்லி ஒரு வெல்னஸ் சென்டருக்குப் போனோம். ரத்தத்தில் சோனுலின் என்று ஒன்றைப் பார்த்துவிட்டு, 'இது லீக்கி கட், குடல் சுவரில் கசிவு. நோயின் வேரே இதுதான். எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மாத்திரையால் இது சரியாகாது' என்றார்கள். குளூட்டமின், கொலாஜன் பவுடர், புரோபயாடிக் எல்லாம் சேர்த்து நான்கு மாதத்துக்கு ஒரு பேக்கேஜ் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாக மகன் அசத்தியோபிரினை நிறுத்திவிட்டான். எங்கள் டாக்டரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. குடல் கசிவு என்பது உண்மைதானா? ப்ளஸ் டூ படிக்கும் என் மகளுக்கும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டுமா?
(ஒரு தாய், ஈரோடு)

பதில்: அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்ததும் உங்கள் டாக்டருக்குப் போன் செய்து, மாத்திரையை நிறுத்தி இத்தனை நாள் ஆகிறது என்று சொல்லிவிடுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு கட்டத்தில் மாத்திரையை நிறுத்திப் பார்த்தவர்கள்தான். உங்கள் டாக்டருக்கு இது புதிதாக இருக்காது. ரத்த அணுக்களையும் கல்லீரலையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்வார். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டு மடங்காக விழுங்க வேண்டாம்.

நிறுத்திப் பத்து நாளாகியும் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்குத் தைரியம் கொடுத்திருக்கும். அசத்தியோபிரின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி, மெதுவாக வேலை செய்கிற மருந்து. முழுப் பலன் தெரியவே இரண்டு மூன்று மாதமாகும். அது விலகுவதும் அதேபோல சத்தமில்லாமல்தான். பிரான்ஸில் அசத்தியோபிரினில் பல வருடம் நோய் அடங்கியிருந்தவர்களை, மருந்தை நிறுத்திய பிறகு தொடர்ந்து கவனித்தார்கள். 2009இல் அதன் முடிவு வெளியானது. முதல் வருடத்தில் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். மூன்று வருடத்துக்குள் அது பாதியைத் தாண்டிவிட்டது. அதனால், 'நிறுத்தினேன், நன்றாகத்தானே இருக்கிறேன்' என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருந்தைக் குறைக்கலாமா, எப்போது குறைக்கலாம் என்பது நியாயமான கேள்விதான். அதை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து, பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடல் கசிவு உண்மையா? குரோன்ஸ் நோயிலும் பெருங்குடலைத் தாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் உண்மைதான். அந்த சென்டரில் அவர்கள் இதை இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுகள்தான் தவறு.

குடலின் உள்பக்கத்தில் நம் உடம்புக்கும் கோடிக்கணக்கான கிருமிகளுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு அடுக்கு செல்கள். மூன்றிலிருந்து ஐந்து நாளைக்குள் பழைய செல்கள் உதிர்ந்து, புதிய செல்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை ஆக்லூடின், கிளாடின் போன்ற புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். தண்ணீரும் உப்பும் தேவைக்குத் தகுந்தபடி அதன் வழியே போய்வரும். பெரிய மூலக்கூறுகளும் கிருமிகளும் வர முடியாது. செல்களுக்கு மேலே வழவழப்பான சளிப்படலம் ஒன்று இருக்கிறது. பெருங்குடலில் அதற்கு இரண்டு அடுக்கு. மேலடுக்கில் கிருமிகள் குடியிருக்கும். செல்லை ஒட்டிய உள்ளடுக்கில் ஆரோக்கியமான ஒருவருக்குக் கிருமியே இருக்காது. இந்தச் சளிக்கு மூலமான எம்யூசி2 என்ற புரதம் சுரக்காதபடி எலிகளின் மரபணுவை மாற்றியபோது, வேறு எதுவும் செய்யாமலேயே அவற்றுக்குப் பெருங்குடல் அழற்சி வந்துவிட்டது. இந்தத் தடுப்பு அவ்வளவு முக்கியம்.

குரோன்ஸ் நோயில் இதில் எல்லா இடத்திலும் பழுது உண்டு. குடல் சுவருக்குள் திரண்டு நிற்கும் தற்காப்பு செல்கள் டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. அவை பட்டதும் செல்களை இறுக்கிப் பிடித்திருந்த புரதங்கள் இடம் பெயர்கின்றன. கிளாடின் வகைகளில் தண்ணீரையும் உப்பையும் கசியவிடும் கிளாடின்-2 கூடிவிடுகிறது. இறுக்கும் வகைகள் குறைந்துவிடுகின்றன. வயிற்றுப்போக்குக்கு இதுவும் ஒரு காரணம். செல்கள் வேகமாகச் சாகின்றன, உதிர்ந்த இடம் உடனே நிரம்புவதில்லை. அந்த வழியாகக் கிருமிகளின் துணுக்குகள் உள்ளே வருகின்றன. அதைப் பார்த்துத் தற்காப்பு செல்கள் இன்னும் சீறுகின்றன, டிஎன்எஃப் இன்னும் கூடுகிறது, இடுக்கு இன்னும் அகல்கிறது.

இதில் முதலில் வருவது கசிவா, அழற்சியா? மருத்துவர்களுக்குள்ளேயே நீண்ட காலமாக விவாதிக்கப்படும் கேள்வி இது. குரோன்ஸ் நோயாளிகளின் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று ஆரோக்கியமாக இருக்கும் 1420 பேரைக் கனடா தலைமையில் ஒரு பெரிய ஆய்வு 2008 முதல் தொடர்ந்தது. அவர்களில் பின்னாளில் 50 பேருக்கு நோய் வந்தது. நோய் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே குடலின் ஊடுருவல், அதாவது கசிவின் அளவு, கூடியிருந்தவர்களுக்கு, மற்றவர்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அபாயம் இருந்தது. ஆகவே சிலருக்குக் கசிவு முந்தி வரலாம். நோய் மூண்ட பிறகோ, அந்தக் கசிவைத் தினமும் பெருக்கிக்கொண்டிருப்பது அழற்சிதான். உங்கள் மகனைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அழற்சியை அடக்கினால் சுவர் தானே மூடிக்கொள்கிறது. 2002இல் பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் குரோன்ஸ் நோயாளிகளுக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போடுவதற்கு முன்னும் பின்னும் குடலின் ஊடுருவலை அளந்தார்கள். ஒரே ஒரு ஊசிக்குப் பிறகு, கூடியிருந்த கசிவு பெரும்பாலும் இயல்பு நிலைக்கு இறங்கியிருந்தது. அந்த மருந்து குடல் சுவரில் எதையும் பூசவில்லை. எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைத்தான் குறைத்தது. 'எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மாத்திரையால் கசிவு சரியாகாது' என்று உங்களிடம் சொன்னது இந்த அடிப்படை உண்மைக்கே நேர் எதிரானது. அழற்சியை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் பவுடரால் சரிசெய்வது, ஓதம் ஏறிக்கொண்டிருக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல.

சோனுலின் டெஸ்டைப் பற்றி. சோனுலின் என்ற புரதம் உண்மையிலேயே இருக்கிறது. இடுக்குகளைத் தளர்த்துவதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் கடைகளில் கிடைக்கும் கிட்டுகள் அதைத்தான் அளக்கின்றனவா என்று ஜெர்மனியில் சோதித்துப் பார்த்தார்கள். பரவலாகப் பயன்பட்ட கிட் சோனுலினைப் பிடிக்கவே இல்லை, வேறு புரதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று 2018இல் அறிவித்தார்கள். அதனால் அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் எண் கூடினாலும் குறைந்தாலும் உங்கள் மகனின் சிகிச்சையில் எதையும் மாற்ற நான் துணிய மாட்டேன். ஊடுருவலை அளக்க ஆய்வுகளில் பயன்படுவது வேறு முறை. லாக்டுலோஸ், மானிட்டால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பல மணிநேரச் சிறுநீரைச் சேகரித்து, எது எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மானிட்டால் சிறியது, எளிதில் உள்ளே போகும். லாக்டுலோஸ் பெரியது, இடுக்கு அகன்றிருந்தால்தான் போகும். அதுவும் ஒருவருடைய சிகிச்சையை முடிவு செய்வதற்கென்று எங்கள் அன்றாட வேலையில் இல்லை.

பேக்கேஜில் குளூட்டமினைப் பற்றி நம் நாட்டிலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் ஊடுருவல் கூடியிருந்த குரோன்ஸ் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குளூட்டமினும் மற்றதற்குப் பாலிலிருந்து எடுக்கும் சாதாரண வே புரோட்டீனும் இரண்டு மாதம் கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி இரண்டு குழுவிலும் கசிவு குறைந்தது. குளூட்டமின் தனியாக ஒன்றும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. புரதம் போதுமான அளவு கிடைத்தால் குடல் தேறுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்தப் புரதம் முட்டை, மீன், பருப்பு, தயிரிலிருந்து வரலாம். கொலாஜன் பவுடர் வயிற்றில் செரித்து மற்ற புரதங்களைப் போலவே உடைந்துபோகும். நேராகக் குடல் சுவரில் போய் ஒட்டாது. ஆட்டுக்கால் சூப் மகனுக்குப் பிடித்தால் கொடுங்கள், நல்ல சாப்பாடு. புரோபயாடிக்கால் குரோன்ஸ் நோய் அடங்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை.

ஆனால் மகன் சொல்லும் தொந்தரவுகளை யாரும் தள்ளிவிடக்கூடாது. புண் ஆறிவிட்டது, கேமராவில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, பிறகு எதற்கு இத்தனை முறை போகிறது என்று கேட்டு, 'எல்லாம் டென்ஷன்' என்று அனுப்பிவிடும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண்ணுக்குப் புண் தெரியாத குடலிலும் கசிவு மிச்சமிருக்கலாம் என்று இப்போது தெரியும். இதற்கென்று ஒரு நுட்பமான எண்டோஸ்கோப்பி உண்டு. கைநரம்பில் ஃப்ளூரசீன் என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டு, நுண்ணோக்கி பொருத்திய குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். நல்ல இடத்தில் செல்களின் விளிம்பு மட்டும் வரிவரியாக ஒளிரும். பழுதான இடத்தில் ஒரு செல் உதிர்ந்த இடைவெளி வழியாகச் சாயம் குடலின் உள்ளே கசிந்து பரவுவதைக் கண்ணால் பார்க்கலாம். புண் ஆறியவர்களில் யாருக்கு இந்தக் கசிவு அதிகமோ அவர்களுக்கு வயிற்றுப்போக்கும் அதிகம் என்று 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. 2023இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவர்கள் இன்னொரு படி போனார்கள். நோய் அடங்கியிருந்த 181 பேரை இப்படிப் பார்த்து, தடுப்புச் சுவர் முழுதாக ஆறியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்றும், சாதாரண எண்டோஸ்கோப்பியையும் பயாப்ஸியையும்விட இது நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது என்றும் கண்டார்கள். உங்கள் ஊர் மருத்துவமனையில் இது கிடைக்காது, தேடி அலையவும் வேண்டாம். மகனின் தொந்தரவுக்கு உடம்பில் காரணம் இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் காரணங்களைத் தேடுவதற்கு எளிய வழிகள் இருக்கின்றன. முதலில் மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தைப் பார்க்கச் சொல்வேன். காலையில் கொஞ்சம் மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப்போனால் போதும். அது 50க்குள் இருந்தால் அழற்சி இல்லை என்று ஓரளவு நிம்மதியடையலாம். 250ஐத் தாண்டினால் நோய் மறுபடி தலைதூக்குகிறதா என்று தீவிரமாகத் தேட வேண்டும். அது குறைவாக இருந்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் நான் அடுத்துச் சந்தேகப்படுவது பித்த உப்பை. உங்கள் மகனுக்கு நோய் தாக்கிய சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பித்த உப்புகளைத் திரும்ப உறிஞ்சும் இடம். அங்கே புண் ஆறித் தழும்பானாலும் உறிஞ்சும் வேலை முழுதாகத் திரும்பாமல் போகலாம். மிஞ்சிய பித்த உப்பு பெருங்குடலுக்குள் இறங்கி, தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். கொலஸ்டைரமின் என்ற பொடி மருந்தைக் கொடுத்தால் இது பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிட்டால் அவற்றையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் டாக்டர் சொல்லும் இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும். பி12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பால், காபி குடித்த பிறகு உப்புசம் கூடுகிறதா என்று மகனையே ஒரு வாரம் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது முட்டி வலி மாத்திரையைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. டிக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் ஆரோக்கியமானவர்களின் குடலிலேயே கசிவை உண்டாக்குபவை. அழற்சி நோய் உள்ளவர்களுக்கு அவை நோயையே கிளப்பிவிடலாம். கால்ப்ரோடெக்டின் அளவையும் ஏற்றிக் காட்டும். மகன் வாங்கும் அட்டையின் பின்புறத்தைத் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். நம் மெடிக்கல் ஷாப்புகளில் முட்டி வலி என்று கேட்டால் பெரும்பாலும் நீட்டுவது அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. 'பாராசிட்டமால்தான் சார்' என்று என்னிடம் உறுதியாகச் சொன்னவர்கள் அட்டையைக் கொண்டுவந்து காட்டும்போது, பாராசிட்டமாலுக்கு மேல் வரியில் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. என்று இருந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், கசிவைக் குறைக்க நீங்கள் இப்போதே செலவில்லாமல் செய்யக்கூடியது அதை நிறுத்துவதுதான். அந்த சென்டரில் ஒருவர்கூட இதைக் கேட்காதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையைப் போடலாம். அதோடு, குரோன்ஸ் நோயே மூட்டுகளைத் தாக்கும். குடல் சீறும்போது முட்டியும் கணுக்காலும் வீங்கி வலிப்பது இந்த நோயில் சகஜம். ஆகவே அந்த வலி எப்போதெல்லாம் வருகிறது, வீக்கம் உண்டா, காலையில் எழும்போது இடுப்பு விறைக்கிறதா என்பதை உங்கள் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பி சிகரெட் பிடிக்கிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் அதை விடுவது இந்த நோயில் ஒரு மருந்துக்குச் சமம்.

சாப்பாட்டில் நான் வெட்டச் சொல்வது பாக்கெட் உணவுகளை. பொருள்கள் பிரியாமல் இருக்கவும் குழைவு வரவும் சேர்க்கும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், பாலிசார்பேட் 80 ஆகியவை எலிகளின் சளிப்படலத்தை மெலிதாக்கி, கிருமிகளைச் சுவருக்கு அருகே கொண்டுவந்துவிட்டன என்று 2015இல் தெரிந்தது. பிறகு ஆரோக்கியமான மனிதர்களுக்குப் பதினோரு நாள் தினமும் 15 கிராம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு அதே மாற்றம் தெரிந்தது. அது நாம் அன்றாடம் சாப்பிடுவதைவிட அதிக அளவு, சிறிய ஆய்வும்கூட. ஆனாலும் குரோன்ஸ் உள்ள ஒரு பையன் இவற்றைத் தவிர்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் ஐஎன்எஸ் 466, ஐஎன்எஸ் 433 என்று போட்டிருக்கும். ஐஸ்கிரீம், கேக், பாட்டில் சாஸ் எல்லாவற்றிலும் பாருங்கள். அந்தப் பவுடர் டப்பாவின் லேபிளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். வீட்டுச் சாப்பாட்டில் சோறு, இட்லி, நன்றாக வெந்த காய், முட்டை, மீன் எதற்கும் தடை இல்லை. குடல் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் நார் அதிகமுள்ள தண்டு, கீரைக் காம்பு, தோலோடு பழம் ஆகியவற்றைத் தவிருங்கள். பழைய சோறு ஒத்துக்கொண்டால் சாப்பிடட்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளிடம் அதை ஆய்வுக்கே எடுத்திருக்கிறார்கள். சுத்தமான தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அண்ணனுக்கு நோய் இருப்பதால் தங்கைக்கு வரும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிடப் பல மடங்கு கூடுதல்தான், ஆனாலும் அதிகம்பேருக்கு வருவதில்லை. நான் மேலே சொன்ன 1420 பேரில் 1370 பேருக்கு நோய் வரவில்லை. கசிவு இருப்பதாகத் தெரிந்தாலும் அதை வைத்து நோயைத் தடுக்கும் மருந்து எதுவும் இன்று கையில் இல்லை. ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணுக்குப் பயம் மட்டும்தான் மிஞ்சும். அதனால் டெஸ்ட் வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ஆசனவாய் அருகே சீழ்க்கட்டி ஆகியவற்றில் ஏதாவது வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். அண்ணனுக்குக் குரோன்ஸ் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். முட்டி வலி மாத்திரை அட்டை, சோனுலின் ரிப்போர்ட், பேக்கேஜில் கொடுத்த எல்லா டப்பாக்கள், கடைசி கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட் இத்தனையையும் ஒரே பையில் போட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.